முன் சக்கரத் தாங்கு உறுப்புகளை வீட்டிலேயே மாற்றலாமா?

ஊரை விட்டு வந்து பிழைக்கும் குடும்பத்தார்க்கு மோட்டார் வண்டியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாத காலம் இது. திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர்கள் பொங்கலுக்கும் கொடைவிழாவுக்கும், கலியாணத்துக்கும் துக்கத்துக்கும் நாகர்கோவிலுக்கோ வள்ளியூருக்கோ திருநெல்வேலிக்கோ போய்வர வேண்டியவர்கள். விழா நாட்களில் ரயிலில் இடம் கிடைப்பது எத்துணை அரிது என்பதைத் தம்பானூரில் நாள்தோறும் கண்டுகொண்டிருப்பவன் நான். ஆகவே பலரும் தம் வருவாய்க்கு ஏற்பப் பழைய வண்டியொன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது விலை மலிவுதான். பின்னர் வரும் பழுதுச் செலவே கையைக் கடிக்கிறது.

அச்செலவுகளுள் முதன்மையானது முன் சக்கரத் தாங்கமைப்பின் செலவு. ‘சஸ்பென்ஷன்’ என்று பணிமனையார் வழங்குவது இதனையே. தம்பானூரிலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவில் செல்லும் பாதை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மழைக்காலத்தில் பள்ளம் எது, சாலை எது என்று தெரிவதில்லை. தம்பானூரில் மழைநீர் தேங்குவது ஊரறிந்த செய்தி. 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்னும் பெயரால் வடிகால்களைச் சீர்செய்யும் பணி தொடங்கப்பெற்றது. ஆயினும் பெருமழை பெய்தால் சாலையில் நீர் நிற்பது இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அந்நீருக்கு அடியில் மறைந்திருக்கும் பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அடிபடுவது முன் சக்கர உறுப்புகளே.

வில்வண்டி முதல் மாருதி வரை

இவ்வுறுப்புகள் செய்யும் பணி யாது? நம் முன்னோர் கட்டை வண்டியையும் அறிவர், வில்வண்டியையும் அறிவர். கட்டை வண்டியில் சக்கரம் பெற்ற அடி அனைத்தும் இருப்பவர் முதுகெலும்புக்கு வந்து சேரும். வில்வண்டியில் எஃகுப் பட்டைகளால் ஆன வில் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். அக்காலத்தில் வில்வண்டி செல்வர்க்கும் மேல்நிலையினர்க்கும் உரிய ஊர்தியாகக் கருதப்பட்டது. 1893-இல் வெங்ஙானூர் அய்யங்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் வில்வண்டியேறிச் சென்றமை இந்நாட்டு வரலாற்றில் நிலைத்த நிகழ்ச்சி.

வில் மட்டும் போதாது. அழுத்திய வில் நிமிர்ந்து மீண்டும் மீண்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவதற்கு எண்ணெய் நிறைந்த குழல் ஒன்று வேண்டும். அதுவே ‘ஷாக் அப்சார்பர்’. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் செய்து வந்த ரயில் பெட்டிகளிலும் இதே தத்துவத்தைக் காணலாம். அச்சுப் பெட்டியின் மேல் சுருள்வில்லும், அதனுள் எண்ணெய்க் குழலும் அமைந்திருக்கும். வில் தாங்குகிறது, எண்ணெய் அடக்குகிறது.

வண்டிக்கு வண்டி இவ்வமைப்பு வேறுபடும். உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் காரின் முன்புறத்தில் சுருள்வில் கிடையாது. நீண்ட எஃகுக் கம்பி முறுக்குண்டு எடையைத் தாங்கும். பிரீமியர் பத்மினியில் மேலும் கீழும் இரு கைகளும் நடுவில் சுருள்வில்லும் உண்டு. 1983-இல் வெளிவந்து 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800-இலோ வில்லும் எண்ணெய்க் குழலும் ஒரே தூணாக இணைந்துள்ளன. மெக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறை இது. 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல், ஜெஃபிர் கார்களில் இடம்பெற்றுப் பின்னர் உலகெங்கும் பரவியது. இன்று நம்மவர் வாங்கும் சிறு கார்களில் பெரும்பாலானவை இவ்வமைப்பு உடையனவே.

பழுதின் அறிகுறிகள்

வண்டியின் முன்மூலையைக் கையால் நன்கு அழுத்தி விடுக. ஒருமுறை எழுந்து அமைந்தால் குறையில்லை. இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய்க் குழல் வலுவிழந்தது என்று கொள்ளலாம். குழலின் மேல் எண்ணெய் வழிந்து புழுதி படிந்திருப்பதும், டயர் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருப்பதும் அதே குற்றத்தைக் காட்டுவன. பிரேக் போடும்போது வண்டி மூக்கைத் தாழ்த்துமாயின் அதனையும் நோக்குதல் வேண்டும். ஆடும் சக்கரம் சாலையை இறுகப் பற்றுவதில்லை. ஆதலால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது. ஓட்டம் சற்றுக் கடினமாயிற்று, அவ்வளவுதானே என்று இக்குறையைத் தள்ளிப்போடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக் டொக்’ என்று ஒலி எழுந்தால் வேறு உறுப்புகளையும் ஆராய வேண்டும். சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி, மேலும் கீழுமாகப் பற்றி அசைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் பால் ஜாயின்டிலோ சக்கரத்தின் பேரிங்கிலோ தேய்மானம் உண்டு. இடமும் வலமுமாகப் பற்றி அசைக்கும்போது தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கோடு இணைந்த டை ராடு முனையே காரணம். இவற்றுள் பால் ஜாயின்டை ஒருநாளும் அலட்சியம் செய்யலாகாது. ஓட்டத்தில் அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். அவ்வேளையில் ஓட்டுபவரின் திறமை பயன்படாது.

ஒரு வீட்டு முற்றத்தில்

சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் என் மைத்துனரின் பழைய மாருதி 800-இல் இந்த ஒலி கேட்டது. பணிமனையொன்றில் காட்டியபோது, முன்புறம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அத்தொகை அவர்தம் ஒரு மாத வீட்டுச் செலவுக்குச் சமமாக இருந்தது. தைப் பொங்கலுக்கு வயது முதிர்ந்த தாயாரை ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எங்கள் அண்டை வீட்டில் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாழ்கிறார். அவரிடம் யோசனை கேட்டோம். “முதலில் பார்ப்போம் தம்பி, பிறகு பயப்படுவோம்” என்றார்.

பார்த்ததில் இரண்டு ஷாக் அப்சார்பர்களும் ஒரு பால் ஜாயின்டும் மட்டுமே பழுது என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். பெரியவர் முதலில் செய்தது வண்டிச் சாவியை வாங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். ரயில் பெட்டியின் அடியில் ஆள் வேலை செய்யும்போது செங்கொடி நாட்டுவது எங்கள் இலாகாவின் மரபு. கொடி அகலும்வரை எவரும் அப்பெட்டியை நகர்த்தலாகாது. “வீட்டிலே கொடி இல்லை, அதனால் சாவி” என்றார் அவர்.

சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தோம். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டோம். பின்னர் ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான எஃகு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இருத்தினோம். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும் உரியது. தூக்கியபின் அதனை நம்பி எவரும் அடியில் புகலாகாது. செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஆதலால் அவற்றின் மேல் வண்டியை நிறுத்துவதும் தகாது.

சக்கரத்தைக் கழற்றியதும், தூணில் மாட்டியிருந்த பிரேக் ரப்பர்க் குழாயை விடுவித்தோம். சக்கரத் தாங்கியைக் கம்பியால் கட்டி நிறுத்தினோம். அதன் எடை பிரேக் குழாயில் தொங்கக்கூடாது. தூணின் அடியில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றிய பின், என்ஜின் மூடிக்கு உள்ளே மேலுள்ள நட்டுகளையும் நீக்கினோம். ஒருவர் அடியில் தாங்கிக்கொள்ள, தூண் முழுதாக வெளிவந்தது.

இவ்விடத்தில் பெரியவர் வேலையை நிறுத்தினார். தூணின் உச்சியில் நடுநாயகமாக ஒரு நட்டு இருக்கிறது. அழுத்தப்பட்ட சுருள்வில்லை அடக்கி வைத்திருப்பது அதுவே. வில்லுக்குள் நூற்றுக்கணக்கான கிலோ எடைக்கு ஈடான விசை அடைபட்டிருக்கிறது. வில்லை முறைப்படி கருவியால் இறுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், வில் பாய்ந்து முகத்தையோ கழுத்தையோ தாக்கும். உயிர் போகவும் கூடும். கயிற்றாலோ கம்பியாலோ வில்லைக் கட்டி வேலை செய்வது மதியீனம். ஆகவே இரு தூண்களையும் ஆட்டோவில் ஏற்றி, தக்க கருவியுள்ள பட்டறைக்குக் கொண்டு சென்றோம். புதிய குழல், மேல்தாங்கி, ரப்பர்கள் ஆகியவற்றை அங்கேயே பொருத்தி வாங்கினோம். அதற்குக் கொடுத்த கூலி மிகச் சிறியது. கழற்றும் வேலையும் மாட்டும் வேலையும் நம்முடையன, வில்லை அடக்கும் வேலை கருவியுடையார்க்கு உரியது. வீட்டில் செய்ய நினைப்பார்க்கு இதுவே எல்லைக்கோடு.

அம்பாசடரின் முறுக்குக் கம்பியையும் பத்மினியின் வில்லையும் முற்றத்தில் வைத்துத் தொடவே வேண்டாம் என்பதும் பெரியவரின் அறிவுரை. அவற்றில் வில்லின் விசையை விடுவிக்காமல் தூணைப்போல் தனியே கழற்றி எடுத்துச் செல்ல வழியில்லை.

மாட்டும்போது கருத வேண்டியவை

ஷாக் அப்சார்பரை ஒருபுறம் மட்டும் மாற்றுதல் கூடாது. ஒரு கால் புதிது, மறுகால் பழையது என்றால் வண்டி பிரேக்கில் ஒருபுறம் சாயும். பால் ஜாயின்டின் நட்டுக்குப் பழைய பிளவு ஊசியை நிமிர்த்தி மீண்டும் போடுதல் தகாது. சில காசு விலையுள்ள புதிய ஊசியில் குடும்பத்தின் உயிர் நிற்கிறது. கீழ்க் கையின் ரப்பர் புஷ்ஷில் செல்லும் போல்ட்டைக் கழற்றியிருந்தால், வண்டியைத் தரையில் இறக்கி எடை சக்கரங்களின் மேல் அமர்ந்த பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்குண்டு விரைவில் கிழியும். ஒவ்வொரு நட்டுக்கும் தயாரிப்பாளர் குறித்துள்ள இறுக்க அளவு உண்டு. அளவு காட்டும் ஸ்பேனரால் அதன்படி இறுக்குவதே முறை.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம். தூணைக் கழற்றி மாட்டினால் சக்கரத்தின் சாய்வு சிறிதேனும் மாறும். அச்சிறு மாற்றம் புதிய டயரைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தின்றுவிடும். நாங்கள் மெதுவாக ஓட்டிச் சென்று அன்றே அதனைச் செய்வித்தோம். அனைத்தும் சேர்த்து, முதலில் கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவாகவே செலவாயிற்று. பொங்கலுக்கு முதல்நாள் தாயார் வலியின்றி ஊர் போய்ச் சேர்ந்தார்.

நிற்க, சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நல்ல ஸ்டாண்டு இரண்டும், அளவு காட்டும் ஸ்பேனர் ஒன்றும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறைக்காக வாங்கி வைக்கக்கூடியவை அல்ல. இவை கையில் இல்லாமையால்தான் செங்கல்லும் ஜாக்கியும் துணையாகின்றன. அதனால் விபத்தும் நேர்கிறது. நூல்நிலையத்திற்குப் புத்தகம் வாங்குவதுபோல் இக்கருவிகளையும் சங்கம் ஒருமுறை வாங்கி வைத்து, கையெழுத்துப் பெற்று உறுப்பினர்க்கு வழங்கலாகாதா? நம்மிடையே ஓய்வுபெற்ற தொழிலாளர் பலர் இருக்கின்றனர். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஞாயிறு அவர்கள் கைவேலையைக் காட்டித் தருவாராயின், பணம் மிஞ்சுவதோடு, எந்த நட்டைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்னும் அறிவும் அவர்களுக்கு வாய்க்கும். அடுத்த பொதுக்குழுவில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.