கித்தார் பின்னூட்டம்

கித்தார் பின்னூட்டம் என்பது மின் கித்தாரின் ஒலி ஒலிபெருக்கியிலிருந்து வெளிப்பட்டு, மீண்டும் அதே கித்தாரின் தந்திகளை அடைந்து, அவற்றைத் தொடர்ந்து அதிரச் செய்யும் நிகழ்வு ஆகும். மேடைகளில் ஒலிவாங்கி எழுப்பும் கீச்சொலியும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒலிவாங்கியில் பிழையாகக் கருதப்படும் இதனை, மின் கித்தார் கலைஞர்கள் தாம் நிற்கும் இடத்தையும் திரும்பும் திசையையும் மாற்றி இசையாகக் கையாளுகின்றனர்.

செயல்படும் முறை

தந்திகளின் கீழுள்ள பிக்கப்பில் காந்தமும், பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறிய மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பெருக்கி இதனைப் பலமடங்காக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. வெளிவரும் ஒலி காற்றின் வழியே தந்தியைத் தள்ளுகிறது.

இச்சுழற்சி நீடிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் இழக்கப்படும் ஆற்றலைப் பெருக்கி ஈடுசெய்ய வேண்டும். திரும்பி வரும் ஒலி, தந்தியின் அசைவுடன் ஒத்த கட்டத்தில் இருக்கவும் வேண்டும். ஊஞ்சலை அது செல்லும் திசையில் தள்ளினால் வீச்சு வளரும். எதிர்த்துத் தள்ளினால் அடங்கும். தந்திக்கும் இது பொருந்தும்.

அசைவின் பங்கு

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. கித்தாரின் ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. அதன் அலைநீளம் சுமார் 3.1 மீட்டர். அதே தந்தியின் இரண்டாம் சீரிசையான 220 ஹெர்ட்சின் அலைநீளம் இதில் பாதி. எனவே கலைஞர் சுமார் 0.78 மீட்டர், அதாவது ஓர் எட்டு, பின்னால் நகர்ந்தால் 220 ஹெர்ட்ஸ் ஒலியின் கட்டம் தலைகீழாகிறது. முன்பு வளர்ந்த சுரம் அடங்கி, வேறொரு சீரிசை மேலெழக்கூடும். ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டினால் உடல் ஒலியை ஓரளவு மறைத்துச் சுழற்சியைத் தளர்த்தும். தேவையற்ற தந்திகளைக் கையால் அமுக்கி நிறுத்துவதும் இன்றியமையாதது.

வரலாறு

பீட்டில்ஸ் குழுவின் 'ஐ ஃபீல் ஃபைன்' (1964) பின்னூட்ட ஒலியுடன் தொடங்குகிறது. 1969 ஆகஸ்டில் வூட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க நாட்டுப்பண்ணை இசைத்தபோது, பின்னூட்டத்தாலும் பாலத்துடன் இணைந்த நெம்புகோலாலும் நீண்ட அலறல்களை எழுப்பினார். வியட்நாம் போர்க்காலத்தில் அவை குண்டுவீச்சின் ஓசையாகப் பலராலும் பொருள்கொள்ளப்பட்டன.

1977-இல் பெர்லினின் ஹான்சா ஒலிப்பதிவுக் கூடத்தில் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாடல் பதிவாயிற்று. இதில் ராபர்ட் ஃபிரிப், எந்தச் சுரத்திற்கு ஒலிபெருக்கியிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதைத் தரையில் குறித்துக்கொண்டு, அவ்விடங்களில் நின்று வாசித்தார். பாடல் முழுதும் கேட்கும் நீண்ட கித்தார் இசை இவ்வாறு உருவானது.

கட்டுப்பாடும் பாதுகாப்பும்

பிக்கப்பின் சுருள் தளர்ந்திருந்தால் அச்சுருளே அதிர்ந்து, கட்டுப்படுத்த இயலாத கீச்சொலி எழும். இதனைத் தவிர்க்கச் சுருளை உருகிய மெழுகில் தோய்க்கின்றனர். உள்ளீடற்ற உடல் கொண்ட கித்தார்களில் பின்னூட்டம் எளிதில் எழுவதால் அவற்றை அடக்குவது கடினம். மேலும், பின்னூட்டத்திற்கு உரத்த ஒலி தேவை. 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஒலியை நெடுநேரம் கேட்பது செவித்திறனைப் பாதிக்கும் என்பதால், கலைஞர்கள் காதடைப்பான் அணிவது நல்லது.