பழைய பட்டுப்புடவையை அவசரப்பட்டு விற்காதீங்க!



"பழைய பட்டுப்புடவை இருக்கா?" என்று தெருவில் கேட்டு வரும் வியாபாரியிடம், அவர் சொன்ன விலைக்கே கொடுத்து விடுகிறோம். அவர் வாங்குவது துணிக்காக அல்ல, ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக!

அசல் ஜரிகை என்பது என்ன? பட்டு நூலின் மேல் தட்டையான மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. புடவையை எரித்து, அந்த வெள்ளியை உருக்கி எடுக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிந்து தொங்கும் ஜரிகை இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்க. உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசலாக இருக்கலாம். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். ஜரிகை பரிசோதிக்கும் கடையில் காட்டி, முன்கூட்டியே எடை போட்டு, இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

விற்காமலும் பயன்படுத்தலாம். உடல் பகுதி நைந்து, பார்டர் நன்றாக இருந்தால் பார்டரைப் பிரித்து குழந்தையின் பாவாடைக்கு வைத்துத் தைக்கலாம். மிச்சத் துணிக்கு உள்ளே பருத்தித் துணி வைத்தால் சுருக்குப்பை, பர்ஸ் கிடைக்கும். சிறு கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய மல் துணி வைத்து பொடித் தையல் போடுங்கள்.

பத்திரப்படுத்த: பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் இருந்தால் பட்டு அங்கேயே கிழியும். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படக்கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வீட்டிலுள்ள ஒரு பழைய புடவையை எடுத்து வாங்க. தையல் தெரிந்த சகோதரிகளோடு சேர்ந்து பார்ப்போம். எதை விற்பது, எதைத் தைப்பது என்று நாமே முடிவு செய்வோம்!