மலைக்காட்டைத் தீயினின்று காத்தல்

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தோற்றம் மாறத் தொடங்குகின்றது. பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமாக நாள்கள் கழிகின்றன. உயர்ந்த மேடுகளில் உறைபனி வீழ்ந்து பசும்புல்லைக் கருக்கிவிடுகின்றது. மானாப்புல் வைக்கோல்போல் உலர்ந்து நிற்கின்றது. தை, மாசி, பங்குனி என்னும் இம்மூன்று திங்களுமே அம்மலைகளில் தீயின் காலமாகும். சிவனொளிபாத மலைக்கு அடியார்கள் ஏறும் பருவமும் மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை நீள்வதால், காடு மிக உலர்ந்திருக்கும் நாள்களிலேயே அம்மலைத்தொடரில் மனித நடமாட்டமும் மிகுகின்றது.

இடிமின்னலால் மூளும் காட்டுத்தீ இலங்கை மலைகளில் மிக அரிது. ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதர் கையால் மூள்வதே. இளம்புல் தளிர்த்தால் மாடு மேயும் என்று பத்தனையைக் கொளுத்துவோர் உண்டு. அத்தளிரை நாடி மரை வரும் என்று கொளுத்தும் வேட்டைக்காரரும் உண்டு. குப்பைக்கு வைத்த தீ, அணையாது வீசிய பீடித்துண்டு, தேநீர் காய்ச்சிய மூன்று கல் அடுப்பு ஆகியவையும் போதும். பத்தனையில் எழுந்த தீ மலைச்சரிவில் மேல்நோக்கியே விரைகின்றது. சுடர் தனக்கு மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதால், சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் அறிந்த கணக்கு. ஆகவேதான் தீக்கு மேற்புறமாக ஓடுதல் ஆகாது என்பர்.

அத்தீ சென்று சேரும் இடத்திலேதான் சிக்கல் தொடங்குகின்றது. மேலே காடும் கீழே தேயிலையுமாக இன்று காணும் எல்லை தானாக அமைந்ததன்று. 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் கூறிய அறிவுரையை ஒட்டி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது காக்கும் கொள்கையை அரசினர் மேற்கொண்டனர். இன்று அக்காடுகளிற் சில வனத் திணைக்களத்தின் கீழும், சில வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழும் உள்ளன. முன்னதற்கு 1907ஆம் ஆண்டின் சட்டமும், பின்னதற்கு 1937ஆம் ஆண்டின் சட்டமும் ஆதாரம். கீழேயுள்ள தேயிலை மலைகளோ 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையில் இருக்கின்றன. தீயானது கம்பனியின் பத்தனையில் மூண்டு, ஒரு திணைக்களத்தின் பைன் மரக் காட்டைத் தொட்டு, மற்றொரு திணைக்களத்தின் சரணாலயத்தினுள் நுழையலாம். ஒரே பிற்பகலில் மூன்று அலுவலகங்களின் எல்லையை அது கடந்துவிடுகின்றது. கடிதம் ஒன்று அவ்வெல்லைகளைக் கடக்க எத்தனை நாள் ஆகுமென்பதை நேயர்கள் அறிவர்.

இழப்பு எத்தகையது என்பதை லயத்துப் பீலியிலே காணலாம். தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குடிநீர், காட்டோர ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருவதே. முகிலின் ஈரத்தைப் பாசியாலும் இலையாலும் பிடித்து மண்ணில் இறக்கிவைப்பது மலைக்காடு. அது எரிந்தால் அவ்விடத்தில் மீண்டும் எளிதில் மரம் எழுவதில்லை, மானாவே எழுகின்றது, அடுத்த கோடையில் அதுவே மீண்டும் எரிகின்றது. பள்ளத்தாக்கின் வழியே ஓடும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, விமலசுரேந்திர மின்நிலையத்தின் 50 மெகாவாற் மின்பொறிகளைச் சுழற்றி, பின்னர் மஸ்கெலியா ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகின்றது. கொழும்பு மாநகர் அருந்தும் நீரிற் பெரும்பகுதி அக்கங்கையினது. எனவே மின்சார சபைக்கும் நீர் வழங்கல் சபைக்கும் இம்மலைத்தீ அயலார் வீட்டுச் செய்தியன்று.

தீ மூண்டபின் செய்யக்கூடியது சிறிதே. ஹட்டன்–டிக்கோயா நகர சபையின் தீயணைப்பு வண்டி டிக்கோயா, நோர்வூட் வழியாக வளைந்து வந்தாலும், பாதையற்ற சரிவில் அது ஏறமாட்டாது. விமானப் படை ஹெலிகொப்டரில் நீர்வாளி கட்டி ஊற்றுவதுண்டு. முகில் மூடினால் அதுவும் இயலாது. இறுதியில் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு தீயை அடிப்போர் தோட்டத் தொழிலாளரே. தீ வைத்தவர் யார் என்ற கேள்வி எழும்போதும் முதலில் ஐயுறப்படுவோர் அவர்களே. இது நீதியன்று, பயனுடையதுமன்று. ஐயத்துக்கு உள்ளானவன் அடுத்த முறை புகையைக் கண்டும் சொல்லத் தயங்குவான்.

2018 மார்ச் 11ஆம் நாள் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்ற குழுவினர் புற்சரிவில் தீயிற் சிக்கினர். 20 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் அம்மாநில அரசு மலைநடைக்கெனத் தனி விதிகளை வகுத்தது. அமெரிக்காவிலோ 1944 முதலே மத்திய வனத்துறை, மாநில வனத்துறையினர், விளம்பரத் தொழிலோர் ஆகிய மூவரும் கூடி, ஸ்மோக்கி என்னும் கரடியைப் படமாகத் தீட்டிச் சிறுவருக்குத் தீயின் கேட்டைப் புகட்டி வருகின்றனர். அங்குள்ள காடுகளிற் சிலவற்றுக்கு இடையிடையே சிறுதீ வேண்டும் என்பது பின்னர் தெளிவாகி, அப்பாடம் ஓரளவு திருத்தப்பட்டது. இலங்கையின் முகிற்காட்டுக்கு அவ்விலக்குப் பொருந்தாது. தீயைத் தாங்கும் இயல்பு அம்மரங்களுக்கு இல்லை.

கரடிப் படம் பொகவந்தலாவைக்குத் தேவையில்லை. அங்கே பிரட்டுக்களம் இருக்கின்றது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க மக்கள் கூடும் அவ்விடத்தில், தைப் பிறப்பிலேயே வன அலுவலர் ஒருவர் வந்து தமிழில் கால்மணி நேரம் பேசினால், சுவரொட்டிகள் பல செய்யாததை அது செய்யும். பாடசாலையும் மாரியம்மன் கோவில் முற்றமும் அதற்கு அடுத்தவை. தீத்தடுப்புப் பாதை வெட்டும் வேலையும் அவ்வாறே கூட்டாக நடைபெற வேண்டும். காட்டோரத்தில் புல்லையும் சருகையும் மண் தெரியச் செதுக்கி அகற்றுவதே அப்பாதை. கம்பனி தன் எல்லைவரை செதுக்கித் திணைக்களம் செதுக்காதிருப்பின், தோட்டத்தார் பட்ட பாடு வீணே. கவ்வாத்து வெட்டிய மலையில் காய்ந்து கிடக்கும் கிளைகளையும் காட்டோரத்திலேனும் விலக்கிவைத்தல் வேண்டும்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம், இத்துறைகளை ஒரே மேசையில் இருத்தும் அதிகாரம் உடையது. அதன் அவசரத் தொலைபேசி எண் 117. ஆனால் புகையைக் கண்ட கொழுந்துக்காரி ஒருத்தி “ஏழாம் நம்பர் மலைக்கு மேலே” என்றே இடத்தைச் சொல்வாள். அந்த இலக்கம் தோட்டத்துப் படத்திலே வழங்குவது. காட்டின் படத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அது விளங்காது. தோட்ட மலைகளின் இலக்கங்களையும் காட்டின் எல்லைகளையும் நீர் எடுக்கும் இடங்களையும் ஒரே படத்தில் வரைந்து, தோட்டக் காரியாலயத்திலும் பொலிஸ் நிலையத்திலும் இரு திணைக்களங்களின் அலுவலகங்களிலும் தொங்கவிடுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. தை பிறக்குமுன் அலுவலர் நால்வர் ஒருநாள் கூடி அமர்ந்தாற் போதும்.