உங்களுக்குத் தெரியுமா? தேயிலை மலையில் பாடியவரின் சிம்பொனி

இளையராஜா 1943இல் தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் சேர்ந்தார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மூணாறுப் பக்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ஒலித்தவை பாவலரின் பாட்டுகளே. மேற்கத்திய இசையைச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற இளையராஜாவுக்கு 1976இல் ‘அன்னக்கிளி’ திரைவாசலைத் திறந்தது.

அவருடைய சேர்ந்திசைப் படைப்புகளில் தலையாயது 2005இல் வெளியான ‘திருவாசகம்’. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, மாணிக்கவாசகரின் பாடல்கள் ஓரட்டோரியோவாக உருப்பெற்றன. தனிக்குரலும் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து, வேடமோ நடிப்போ இன்றி நிகழ்த்தும் பெரும் இசைவடிவமே ஓரட்டோரியோ. ஐரோப்பாவில் அது பெரும்பாலும் விவிலியக் கதைகளைப் பாடி வளர்ந்தது. அதில் சைவத் தமிழை ஏற்றியது துணிச்சலான செயல். பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டக் கோயில்களில் மார்கழி விடியலில் பாடும் திருவெம்பாவையும் இதே திருவாசகத்தின் பகுதிதான்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. அப்போது அவருக்கு வயது 81.