உள்ளங்கையில் மூணு சொட்டு!

சாம்பல் புதன் அன்னிக்கு நெத்தியில சாம்பலோட காலேஜுக்குப் போறீங்க. கேன்டீன்ல முதல் கேள்வியே, "இந்தத் தவக்காலத்துக்கு எதை விட்டிருக்கே மச்சி?"ங்கறதுதான். பிரியாணி, சினிமா, சாக்லேட்... லிஸ்ட் ரெடியா இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனா அதெல்லாம் நாமளே பார்த்துத் தேர்ந்தெடுத்த கஷ்டம். ஈஸ்டர் வந்தா முடிஞ்சிடும். (அன்னிக்கே டபுள் பிரியாணி, அது வேற விஷயம்!)

கேக்காமலே வந்து நிக்கிற கஷ்டத்தை என்ன பண்றது? அப்பாவுக்கு வேலை போயிடுது, வருஷம் முழுக்கப் படிச்சது அரியர்ல முடியுது. இதுக்கெல்லாம் ஈஸ்டர் தேதி எந்தக் காலண்டர்லயும் இல்லையே?

2000-ம் வருஷத் தவக்காலத்துல போப் இரண்டாம் ஜான் பாலுக்கே தியானம் கொடுக்க ஒருத்தரைக் கூப்பிட்டாங்க. வியட்நாம் பேராயர் வான் துவான். அவர் அங்கே பேசினதுல நிறைய, ஜெயில் கதை!

1975 ஆகஸ்ட் 15-ல அவரைக் கைது பண்ணினாங்க. வயசு 47. விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 13 வருஷம் சிறை, அதுல 9 வருஷம் தனிமைச் சிறை.

மனுஷர் கலங்காம இருந்தார்னு நினைக்காதீங்க. 'எட்டு வருஷம் பிஷப்பா இருந்து செஞ்ச வேலையெல்லாம் பாழாப் போச்சே'ன்னு தூக்கம் வராமத் தவிச்சிருக்கார். ஒரு ராத்திரிதான் அது புரிஞ்சது: பறிபோனது கடவுளுக்காகச் செஞ்ச வேலைகள். கடவுள் போகலை. படிப்பு, ரேங்க், இன்டர்வியூன்னு நாம பிடிச்சிட்டிருக்கறதை நினைச்சா, இந்த இடம் நம்மளையும் கொஞ்சம் குத்தும்.

'வயித்துவலி மருந்து'ன்னு லேபிள் ஒட்டி வெளியிலேர்ந்து ஒரு குட்டி பாட்டில் வந்தது. உள்ளே திராட்சை ரசம். உள்ளங்கையில மூணு சொட்டு ரசம், ஒரு சொட்டுத் தண்ணி. அதுலதான் தினமும் பூசை.

முதல்ல காவலருங்க முகம் கொடுத்தே பேசலை. இவர்தான் போன நாடுகளைப் பத்திக் கதை சொன்னார், இங்கிலீஷும் பிரெஞ்சும் கத்துக் கொடுத்தார். மெல்ல மெல்ல ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டாங்க. ஒரு காவலர் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்க, இவர் ஒரு மரத்துண்டைச் சிலுவையா வெட்டி சோப்புக்குள்ளே ஒளிச்சு வெச்சார். பின்னாடி வேற சிறையில எலெக்ட்ரிக் வயர் கேட்டப்ப, தற்கொலை பண்ணிக்கப் போறாரோன்னு காவலர் பயந்துட்டார். சங்கிலி செய்யத்தான்னு தெரிஞ்சதும் குறடு கொண்டாந்து, கூடவே உக்காந்து செஞ்சு கொடுத்தார்.

1988-ல விடுதலை. 2001-ல கர்தினால். அப்பவும் அவர் கழுத்துல தொங்கினது அந்தச் சிலுவைதான்.