புயல் காற்றில் நாலு நாள் கப்பல்: வயிறு ஏன் கலங்குகிறது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். கப்பலில் வாந்தி எடுப்பவர்கள் எல்லோரும் நோஞ்சான்கள் இல்லை! பிரிட்டிஷ் கடற்படையின் பேர் பெற்ற தளபதி நெல்சன், 12 வயதிலேயே கப்பல் ஏறியவர். கடலிலேயே வளர்ந்து, 1805-ல் கடலிலேயே உயிரை விட்டவர். அந்த மனிதருக்கே காற்று பலமாக வீசினால் குமட்டல் வந்துவிடும். பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வின் கதை இன்னும் பரிதாபம். 1831 டிசம்பர் 27-ல் பீகிள் என்ற கப்பலில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார். பிஸ்கே விரிகுடாவிலேயே படுத்துவிட்டார். காய்ந்த திராட்சைதான் அவர் வயிற்றில் தங்கியது. போகப் போகப் பழகிவிடும் என்று பார்த்தால், 1836-ல் ஊர் திரும்புகிறவரை அவருக்கு அது சரியாகப் பழகவே இல்லை.

அதனால், கூட வந்தவர் முகம் வெளுத்து உட்கார்ந்தால், "எனக்கு ஒண்ணும் பண்ணலையே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏற்கனவே நொந்து போயிருப்பார்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் வேலை பார்க்கும் காலம் இது. பார்க்க வரும் பெற்றோரை, "வீட்டிலேயே எவ்வளவு நேரம்மா உட்கார்ந்திருப்பீங்க?" என்று மூன்று நாள், நாலு நாள் கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கோடை முடிந்ததும் கட்டணம் இறங்கும். ஏன் இறங்குகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அட்லாண்டிக்கிலிருந்து காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பி வரும் காலம் அது!

2019 அக்டோபரில் நானும் என் அக்காவும் அப்படித்தான் போனோம். இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் ஏறி, கெர்ன்சி தீவு, பெல்ஜியத்தின் ஜீப்ரூகா துறைமுகம், திரும்பவும் சௌதாம்ப்டன். நாலு ராத்திரி. அக்காவுக்கு அப்போது 66 வயசு; 15 வருஷமாகச் சர்க்கரை.

கிளம்பியபோது கப்பல் அசையவே இல்லை. ஒய்ட் தீவின் மறைவில் கடல் ஏரி மாதிரி இருந்தது. "இதுக்கா அந்தப் பையன் அவ்வளவு பயமுறுத்தினான்?" என்று அக்கா சூப்பும் பாஸ்தாவும் ஐஸ்கிரீமும் ஒரு பிடி பிடித்தாள். தீவைத் தாண்டி ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்ததும்தான் தெரிந்தது. ஒலிபெருக்கியில் கேப்டன், ராத்திரி காற்று 9-ஆம் எண் வரை போகலாம் என்றார். 1805-ல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த கணக்கு இது. 0 முதல் 12 வரை. 9 என்றால் மணிக்கு 75 முதல் 88 கிலோமீட்டர். கேப்டன் சொன்னதைவிட, மாடிப்படிக் கைப்பிடிகளில் ஊழியர்கள் சத்தமில்லாமல் காகிதப் பைகளைச் செருகிக்கொண்டு போனதுதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது.

ராத்திரி முழுக்க அலமாரியில் ஹாங்கர்கள் கிணுகிணு என்று அடித்துக்கொண்டன. மேஜை டிராயர் தானாகத் திறந்து தானாக மூடியது. கப்பலின் மூக்கு அலையில் குத்தும்போது 'தொம்' என்று ஒரு சத்தம். கட்டில் வரை நடுங்கும். ஆங்கிலக் கால்வாய் அதிக ஆழம் இல்லாத கடல். அங்கே நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்று மோதினால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும். வயிற்றுக்கு இது ரொம்பப் பொல்லாதது.

வயிற்றுக்கு என்று சொன்னேனே தவிர, கோளாறு வயிற்றில் இல்லை. காதில்!

காதின் உட்பகுதியில் பட்டாணி அளவுகூட இல்லாத ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்பினால் திரவம் நகரும். நுண்ணிய முடிகள் அதை உணர்ந்து மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே மணல் போன்ற சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு சின்னப் பைகள். மேலே போகிறோமா, கீழே இறங்குகிறோமா என்பதை அவை சொல்லும். கப்பல் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது கண் என்ன சொல்கிறது? "சுவர் அசையவில்லை, மேஜை அசையவில்லை, எல்லாம் சரி." காது என்ன சொல்கிறது? "ஐயோ, தூக்குகிறது, இறக்குகிறது!" இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் நீதிபதி குழம்புவாரே, அதேபோல் மூளை குழம்பிப்போகிறது. அதற்கு ஏன் வாந்தி வரவேண்டும்? விஷம் தின்றால்தான் புலன்கள் இப்படி உளறும், எனவே மூளை வயிற்றைக் காலி செய்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபணம் ஆகவில்லை.

உள்காதின் இந்தப் பகுதி இரு பக்கமும் செயலிழந்தவர்களுக்குக் கடல் எவ்வளவு ஆடினாலும் குமட்டுவதில்லை. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் அநேகமாக வராது. அதற்குப் பிறகு 12 வயது வரை அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்; கர்ப்பிணிகளுக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இன்னும் அதிகம். பக்கவாட்டு ஆட்டத்தைவிட மேலும் கீழுமான ஆட்டமே மோசம். அதிலும் சுமார் 5 விநாடிக்கு ஒரு தடவை தூக்கி இறக்கினால் கேட்கவே வேண்டாம்.

உடம்பு இதற்குப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். இங்கேதான் இந்தச் சின்னச் சுற்றுலாக்களின் வேடிக்கை! நாலு நாள் பயணத்தில், பழகி எழுந்து உட்காரும்போது இறங்கும் நாள் வந்துவிடும். பத்து நாள் பயணம் போகிறவர் இவ்வளவு கஷ்டப்படுவதில்லை.

அறை விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல செய்தி. சீசா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு, இல்லையா? கப்பலும் அப்படியே. மேல் தளத்தில், முன்கோடியில் பால்கனி வைத்த அறைக்குக் கொள்ளைப் பணம் வாங்குவார்கள். காற்று அடித்தால் அதிகமாக ஆடுவதும் அதுதான். கீழ்த்தளத்தில், நடுவில், ஜன்னல்கூட இல்லாத மலிவு அறைதான் நிம்மதி. ஜன்னல் இல்லையே என்றால் கண்ணை மூடி மல்லாந்து படுத்துவிடுங்கள். கண் சாட்சி சொல்லாவிட்டால் தகராறும் குறையும். எழுந்திருக்க முடிந்தால், நடுப்பகுதியில் ஜன்னலோரம் போய்த் தூரத்து அடிவானத்தையே பாருங்கள். செல்போனில் படிப்பது கூடவே கூடாது.

கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்குள் மீன் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகக் குறைக்கும். முன்னும் பின்னும் குதிப்பதை அவற்றால் தடுக்க முடியாது.

மாத்திரைக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுப் பிரயோஜனம் குறைவு. இரைப்பை அந்த நேரத்தில் சரியாக வேலை செய்யாது. விழுங்கியது அப்படியே திரும்பி வரும். சின்னாரிசின் என்றால் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. புரோமெதசின் என்றால் முதல் நாள் ராத்திரியே போடலாம். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹயோசின் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். ஆனால் கண் அழுத்த நோய் உள்ளவர்களும், பிராஸ்டேட் வீங்கி நீர் பிரியச் சிரமப்படுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. வயதானவர்களுக்கு மனக்குழப்பமும் வரலாம். இவை எல்லாமே தூக்கம் வரவழைப்பவை, மதுவோடு சேரக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் டாக்டர் சொன்னால் மட்டுமே.

இன்னொன்று. வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் ஆன்டன்செட்ரான் வாந்தி மாத்திரையை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள். மற்ற வாந்திகளுக்கு அது கெட்டிக்கார மருந்து. பயணக் குமட்டலில் அதன் ஜம்பம் சாயாது.

சுக்கு? உங்கள் மாமியார் சொன்னால் தட்டாதீர்கள். 1988-ல் டென்மார்க்கில் பயிற்சிக் கடற்படை வீரர்கள் 80 பேரை வைத்துச் சோதித்தார்கள். கொந்தளிப்பான கடலில், ஒரு கிராம் இஞ்சிப் பொடி சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் குறைந்தன. எல்லா ஆராய்ச்சியும் இதே முடிவைச் சொல்லவில்லை என்றாலும், தூக்கம் வராத மருந்து என்பது பெரிய சௌகரியம். பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கப்பல்காரர்களின் கைவைத்தியம். வெறும் வயிறும் ஆகாது, முட்டமுட்டத் தின்ற வயிறும் ஆகாது.

அக்கா முட்டமுட்டச் சாப்பிட்டிருந்தாள். ராத்திரியில் மூன்று தடவை வாந்தி. காலையில் கெர்ன்சிக்குப் போகவில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அந்தத் தீவில் பெரிய கப்பல் கரையோரம் நிற்க முடியாது. செயின்ட் பீட்டர் போர்ட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில்தான் ஆட்களை இறக்கவேண்டும். அந்த அலையில் எங்கே இறக்குவது?

பதினோரு மணி இருக்கும். அக்காவுக்கு உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்தது, கை நடுங்கியது. அறை துடைக்க வந்த பையன், "கடல் நோய்தான் மேடம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்றான். வெளுப்பு, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல்... எல்லாம் பொருந்தத்தான் செய்தது. ஆனால் பேச்சு குழறியது. கடல் நோயில் பேச்சு குழறாது.

"அக்கா, சர்க்கரை மாத்திரை போட்டியா?"

"காலையில எப்பவும் போடுறதுதானேடி..."

"என்ன சாப்பிட்டே?"

"அரை ரஸ்க்... அதுவும் வந்துடுச்சு."

குளுக்கோமீட்டரில் 52 காட்டியது! 70-க்குக் கீழே போனாலே தாழ்நிலை. குளுக்கோஸ் பொடி மூன்று டீஸ்பூன் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். 15 நிமிஷம் கழித்துப் பார்த்தால் 68. மறுபடி கொடுத்து, கப்பல் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். டாக்டரம்மா வந்து வாந்திக்கு ஊசி போட்டு, சாயங்காலம் வரை பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். நினைவு தப்பிய நிலையில் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே டாக்டர்தான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பிட முடியாமல் போனால் இந்த ஆபத்து உண்டு. நீர் வற்றிய உடம்பில் மெட்ஃபார்மின், டபாகிளிஃப்ளோசின், ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை இவையும் தொல்லை தரலாம். எதை நிறுத்துவது, எதைப் பாதியாக்குவது என்று ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். இன்சுலினைத் தானாக அடியோடு நிறுத்துவது மட்டும் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குளுக்கோஸ், குளுக்கோமீட்டர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கப்பல் டாக்டரின் பில்லைப் பார்த்தால் இன்னொரு தடவை தலை சுற்றும்!

வாந்தியோடு பேதியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது கடலின் வேலை இல்லை. கப்பல்களில் நோரோ வைரஸ் என்ற தொற்று அவ்வப்போது பரவும். மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், கோபப்படாதீர்கள். கைக்கு ஆல்கஹால் திரவம் தடவினால் போதாது. இந்தக் கிருமிக்குச் சோப்பும் தண்ணீரும்தான்.

கடல் ஆடும்போது எலும்பும் முறியும். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கவேண்டும். கதவு நிலையில் விரலை வைக்காதீர்கள்; காற்றில் அறைந்து மூடும் கதவு விரலை நசுக்கிவிடும். ராத்திரி குளியலறைக்குப் போகும்போது விளக்கைப் போட்டுவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு போங்கள்.

கப்பல் கவிழ்ந்துவிடாதா என்ற பயம் எல்லோருக்கும் வரும். காற்று பலமானால் கேப்டன் வேகத்தைக் குறைப்பார், பாதையை மாற்றுவார், துறைமுகத்தைக் கைவிடுவார். பெரிய கப்பலை இதற்கெல்லாம் தாங்கும்படிதான் கட்டுகிறார்கள். 2019 மார்ச் 23-ல் நார்வே கரையோரம் வைக்கிங் ஸ்கை என்ற கப்பல் புயலில் இயந்திரங்கள் நின்று தத்தளித்தது. மசகு எண்ணெய் அளவு குறைந்ததுதான் காரணம். அதில் இருந்த 1,373 பேரில் 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். சிலர் காயம் அடைந்தார்கள்; யாரும் சாகவில்லை. மறுநாள் கப்பல் மோல்டே துறைமுகம் சேர்ந்தது.

எங்கள் கப்பல் ஜீப்ரூகா சேர்ந்தபோது வெயிலடித்தது. அக்கா பஸ் ஏறி புரூஜ் நகரம் வரை வந்து, கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து வெறும் டீ குடித்தாள். படகு சவாரிக்கு நான் கூப்பிட்டபோது பார்த்தாளே ஒரு பார்வை!

ஊர் இறங்கிய பிறகும் தரை ஆடுகிற மாதிரி இருக்கும். குளிக்கும்போது கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்கத் தோன்றும். அலைக்குப் பழகிய மூளைக்கு, ஆடாத தரை புதுசு. ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதுவரை வண்டி ஓட்டவேண்டாம், ஏணியில் ஏறவேண்டாம். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் ஆடினால் காது மூக்குத் தொண்டை நிபுணரையோ நரம்பு நிபுணரையோ பாருங்கள். கப்பலில் போய் வந்ததை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.