பப்பாளி மாவுப்பூச்சி

பப்பாளி மாவுப்பூச்சி என்பது பப்பாளி, கொய்யா முதலிய மரங்களின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு பூச்சியினம் ஆகும். இதன் அறிவியல் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்குப் பரவியது. கொல்லையில் நின்ற ஒன்றிரண்டு பப்பாளி மரங்களையும் வெட்டி எரிக்கும் நிலை பலருக்கு ஏற்பட்டது. பூச்சிக்கொல்லிகளுக்கு அடங்காத இப்பூச்சி, கடுகை விடச் சிறிய ஒரு குளவிக்கு அடங்கியது. வீட்டுப் பழமரங்களில் பூச்சிகளை எவ்வாறு அகற்ற வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடமாக அமைந்துள்ளது.

அடையாளம்

வளர்ந்த பெண் பூச்சி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளம் உடையது. மஞ்சள் நிற உடலின் மேல் மாவு தூவியது போன்ற வெள்ளை மெழுகு படிந்திருக்கும். இலையின் அடிப்புறம், குருத்து, காய்க் காம்பு ஆகிய இடங்களில் இவை பஞ்சுத் திட்டுகள் போலக் கூட்டமாகக் காணப்படும். தாக்கப்பட்ட இலைகள் சுருங்கி மஞ்சளாகி உதிரும். குருத்து கருகும். பிஞ்சுகள் கொட்டிவிடும்.

இப்பூச்சிகள் தேன் போன்ற இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. அதன் மேல் கரும்பூசணம் வளர்வதால் இலையும் காயும் கரி பூசியது போல மாறும். இந்த இனிப்பை நாடி எறும்புகள் வருகின்றன. அவை மாவுப்பூச்சியை உண்ண வரும் பிற பூச்சிகளை விரட்டிவிடுகின்றன. எனவே மரத்தில் எறும்புச் சாரி தொடர்ந்து ஏறி இறங்கினால் மாவுப்பூச்சி உள்ளதா எனத் தேடிப் பார்க்க வேண்டும்.

வாழ்க்கைச் சுழற்சி

பெண் பூச்சி தன் உடலின் பின்புறத்தில் பஞ்சு போன்ற பையை உண்டாக்கி, அதனுள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. முட்டையிலிருந்து வரும் இளங்குஞ்சுகள் ஊர்ந்து புதிய இடங்களுக்குச் செல்லும். காற்று, எறும்பு, நாற்று, மனிதரின் உடை ஆகியவற்றின் வழியாகவும் இவை பரவுகின்றன. பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. ஆண் பூச்சி சிறகுடையது. ஆனால் வளர்ந்தபின் உணவு உண்பதில்லை. முட்டை முதல் வளர்ந்த பூச்சி வரையிலான காலம் வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ ஒரு மாதமே.

பப்பாளி மட்டுமன்றி மரவள்ளி, மல்பெரி, கொய்யா, செம்பருத்தி, கத்தரி, பார்த்தீனியக் களை எனப் பல செடிகளில் இது வாழக்கூடியது. ஆகையால் பப்பாளி மரத்தை வெட்டினாலும் வேலியோரச் செடிகளில் பூச்சி தங்கிவிடுகிறது.

பூச்சிக்கொல்லிகள் பயன் தராமைக்குக் காரணம்

மெழுகுப் பூச்சின் மேல் விழும் மருந்துத் துளி உடலில் ஒட்டாமல் வழிந்துவிடும். முட்டைகளும் பஞ்சுப் பைக்குள் பாதுகாப்பாக இருக்கும். ஒரு முறை தெளித்தபின் எஞ்சிய முட்டைகளிலிருந்து அடுத்த கூட்டம் தோன்றும். ஆனால் மெழுகுக் கவசம் இல்லாத பொறிவண்டுகளும் குளவிகளும் அதே மருந்தில் மடிந்துவிடும். எதிரிகள் இல்லாத நிலையில் மாவுப்பூச்சி முன்னிலும் அதிகமாகப் பெருகும். மல்பெரித் தோட்டங்களில் சிக்கல் மேலும் கடுமையானது. மருந்து தெளித்த இலையைத் தின்றால் பட்டுப்புழுக்கள் இறந்துவிடும்.

ஒட்டுண்ணிக் குளவி

மாவுப்பூச்சி தன் தாயகத்தில் பெரும் தொல்லையாக இருப்பதில்லை. அங்குள்ள இயற்கை எதிரிகள் அதைக் கட்டுக்குள் வைக்கின்றன. இங்கு அது எதிரிகள் இன்றித் தனியாக வந்து சேர்ந்ததே பெருக்கத்திற்குக் காரணம். இதை உணர்ந்த பெங்களூருவில் உள்ள நடுவண் அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம், 2010-ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தனிமைப்படுத்திச் சோதித்த பின்னரே அவை வயல்களில் விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் குளவிகளைப் பெருமளவில் வளர்த்து வழங்கியது. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன் மேல் குளவிகளைப் பெருக்குவது இதற்கான எளிய முறையாகும்.

மூன்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி சிறப்பாக நிலைபெற்றது. இது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு பூச்சியைத் தின்றுவிடும். மாவுப்பூச்சி உப்பிய கூடாக மாறும். வளர்ந்த குளவி அக்கூட்டில் வட்டத் துளையிட்டு வெளியேறும். இக்குளவி மனிதரைக் கொட்டாது. சில மாதங்களிலேயே பூச்சியின் தாக்குதல் பெரிதும் குறைந்தது. இலங்கையிலும் இதே குளவி பயன்படுத்தப்பட்டது.

பகை போலத் தோன்றும் நண்பர்கள்

ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டும், ஸ்பால்ஜிஸ் என்னும் பட்டாம்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சிகளைத் தின்பவை. இவற்றின் இளம் பருவங்களும் வெள்ளை மெழுகு போர்த்தியிருப்பதால், பலர் இவற்றையே பெரிய மாவுப்பூச்சி என எண்ணி நசுக்கிவிடுகின்றனர். மாவுப்பூச்சியை விடப் பல மடங்கு நீளமாகவும், கூட்டத்தின் நடுவே ஊர்ந்து திரிவதாகவும் இருந்தால் அது நண்பனே. அதைக் கொல்லக் கூடாது.

வீட்டுத் தோட்டத்தில் செய்ய வேண்டியவை

1. வாரம் ஒரு முறை இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்தல்.
2. தொடக்க நிலையில் தாக்கப்பட்ட இலை, காய்களைப் பறித்து எரித்தல். குப்பையில் வீசினால் பூச்சி மீண்டும் பரவும்.
3. குழாய் நீரை விசையுடன் பீய்ச்சிப் பூச்சிக் கூட்டங்களைக் கலைத்தல்.
4. அருகிலுள்ள பார்த்தீனியம் போன்ற களைகளை நீக்குதல். எறும்புப் புற்றுகளை அகற்றுதல்.
5. உப்பிய கூடுகளோ துளையுள்ள கூடுகளோ தென்பட்டால், குளவி வந்துவிட்டது என அறிந்து எதையும் தெளிக்காமல் விடுதல்.
6. அவை இல்லாமல் தாக்குதல் மிகுந்தால், ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தல். முதலில் ஓர் இலையில் தெளித்து, கருகவில்லை என உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பார்ப்பதே முதற்படி. அங்கே நண்பர்கள் வேலையைத் தொடங்கியிருந்தால், அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே அந்த மரத்திற்குச் செய்யக்கூடிய சிறந்த உதவியாகும்.